எடைச்சீட்டு

செகாம்புட் கிடங்கில் எல்லாவற்றுக்கும் ஓர் எடை உண்டு.
கூடாரம் நாற்பத்திரண்டு கிலோ.
தண்ணீர் வடிகட்டி பதினெட்டு.
போர்வைக் கட்டு மழை நாளில் கொஞ்சம் கூடும்,
அதை நான் எழுதுவதில்லை.

மேலிடத்து அழைப்பு வந்தபோது
நோன்பு திறக்க இன்னும் நாலு நிமிடம்.
பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே
என்சிக் ரஸ்மான் சொன்னார்:
"பர்மா, குணவதி. பதினோரு டன். விடிவதற்குள் சுபாங்கில்."
அங்கே பூமி ஆடி ஆறு மணி நேரம்தான் ஆகியிருந்தது.
தொலைக்காட்சியில்
ஒவ்வொரு விளம்பரத்துக்குப் பிறகும் எண்ணிக்கை ஏறியது.

நல்ல அரசாங்கம்தான், பொய் சொல்லக் கூடாது.
என் அக்காள் வீட்டுக் கூரை காற்றில் போனபோது
மூன்று பாரம், நாலு மாதம்.
இன்றிரவு கையெழுத்துகள்
காகிதத்தைத் தேடி ஓடி வந்தன.
மீட்புக் குழுவின் மோப்ப நாய்கள் இரண்டுக்கும்
தனிக் கூண்டு, தனித் தண்ணீர்,
ஊசி போட்ட சான்று, பயண அனுமதி.
எல்லாத் தாளும் சரியாக இருந்தது.

பெட்டி ஏற்ற ஏஜெண்டு ஆறு பேரை அனுப்பினான்.
அதில் ஒருவன் பர்மாக்காரன்.
ஏழு மாதமாக அவனைத் தம்பி என்றே கூப்பிட்டிருக்கிறேன்,
அன்றுதான் பெயர் கேட்டேன்.
துரா என்றான்.
துரை என்று என் காதில் விழுந்தது.
தோளில் நாற்பத்திரண்டு கிலோ துரை.

"பசியாறிட்டியா?"
"போன் எடுக்கலக்கா."
நான் கேட்டது அதுவல்ல.

இரண்டு மணிக்குக் கடைசிப் பாலெட்.
உடல் பைகள், இருநூறு.
படம் எடுக்கும்போது இதைப் பின்னால் தள்ளிவிடச் சொல்லி உத்தரவு.
முன்வரிசைக்குப் பிஸ்கட்டும் பால்மாவும்,
அவற்றின் மேல் பேனர்.
பேனருக்கும் எடை உண்டு, ஒன்பது கிலோ.
துரா ஒரு பையைப் பிரித்தான்.
ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தான்.
"அக்கா, சின்ன அளவு இல்லையா?"

பட்டியலைப் பார்த்தேன்.
அதில் என்ன இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரியும்,
ஆனாலும் பட்டியலைத்தான் பார்த்தேன்.
"எல்லாம் ஒரே அளவு."
மடித்து வைத்தான்,
பிரித்ததைவிட ஒழுங்காக.

பிறகு என் மார்க்கரைக் கேட்டு வாங்கி
ஒரு பிஸ்கட் பெட்டியின் பக்கவாட்டில் எழுதினான்,
வட்டம் வட்டமாக, ஜாங்கிரி பிழிந்த மாதிரி.
தெருவா, பெயரா, கதவு எண்ணா,
நான் கேட்கவில்லை.
"இந்தப் பெட்டி அங்க போகுமாக்கா?"
நாட்டுக்கு நாடு அனுப்புவது, தம்பி.
வீட்டுக்கு வீடு இல்லை.
இதைச் சொல்ல வாயெடுத்தேன்.
ஃபோர்க்லிஃப்ட் சத்தம் போட்டது, நல்லவேளை.

"இது என்ன கிறுக்கல்?" என்றார் ரஸ்மான்.
"பேட்ச் நம்பர், துவான்."
இருபத்திரண்டு வருட ஸ்டோர் வேலையில் இது என் இரண்டாவது பொய்.
முதலாவது, போர்வை.

நாலரைக்கு லோரிகள் புறப்பட்டன.
விமானம் எழுந்ததை நான் பார்க்கவில்லை,
மேசையிலேயே தூங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் ஐந்து பேர்தான் வந்தார்கள்.
"பெர்மிட் செத்துப் போச்சு, ஜாலான் ஈப்போவுல பிடிச்சிட்டாங்க,"
ஏஜெண்டு தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னான்.
"திருப்பி அனுப்பிடுவாங்க."
எப்போது, எந்த ஊருக்கு,
அங்கே எந்தச் சுவருக்கு,
அது அவன் வேலை இல்லை.

நாளிதழில் படம் வந்திருந்தது.
சுபாங், காலை வெளிச்சம், கைகுலுக்கல்.
பெரிய மனிதர் ஒருவரின் முழங்கைக்குப் பின்னால்
பாதிப் பெட்டி, பாதி எழுத்து.

எடைச்சீட்டின் நகலில்
பேட்ச் நம்பர் கட்டம் இன்னும் காலியாகக் கிடந்தது.
பூதக்கண்ணாடியை எடுத்தேன்.
ஒரு வட்டம்.
வாய் திறந்த இன்னொரு வட்டம்.
அதன் தலையில் ஒரு கொக்கி.
மீதி முழங்கைக்குப் பின்னால்.

தெரிந்தவரை எழுதி வைத்திருக்கிறேன்.
ஆடிட்காரர்கள் வந்தால் கேட்பார்கள்.
வரட்டும்.